ஒரு நாள் மதுரை டூர்... பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம், எதை விடலாம்?

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததுமே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பள்ளிகளில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடும். "இந்த வருஷம் டூர் உண்டா டீச்சர்?"

உண்டு என்று பதில் வந்துவிட்டால் போதும். அன்று மாலை வீட்டுக்கு ஓடும் பிள்ளைகளின் கால் தரையில் பாவாது. பெரும்பாலும் அந்த டூர் மதுரைக்குத்தான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். ராஜபாளையத்திலிருந்து இன்னும் ஒரு பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல். இரண்டு மணி நேரப் பயணம். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம்.

பெரியவர்களுக்கு மதுரை என்பது ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கடைக்கும் போய்வரும் ஊர். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. மில் ஷிஃப்டுக்கும் தறிக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிற அம்மா அப்பாவால் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊர் சுற்ற ஒரு முழுநாளை ஒதுக்க முடிவதில்லை. உறவினர் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று அரசு ராஜாஜி மருத்துவமனை வரை வந்துவிட்டு, மீனாட்சி கோயில் கோபுரத்தை பஸ் ஜன்னலில் பார்த்ததோடு திரும்பிய பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குப் பெரிய நகரத்தைக் காலால் நடந்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு, பள்ளியோ தெரு இளைஞர் மன்றமோ டியூஷன் அக்காவோ ஏற்பாடு செய்யும் இந்த ஒரு நாள்தான். அதனால்தான் அந்த நாள் வீணாகக் கூடாது.

ஆனால் பல டூர்கள் வீணாகத்தான் போகின்றன. நோட்டீஸைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், காந்தி மியூசியம், தெப்பக்குளம், அழகர்கோவில், திருப்பரங்குன்றம், கீழடி, பூங்கா, முடிவில் ஷாப்பிங். ஒரே நாளில் இத்தனையும்! கொடுத்த காசுக்கு நிறைய இடம் காட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். நடப்பது வேறு. பஸ்ஸில் ஏறு, இறங்கு, வரிசையில் நில், போட்டோ எடு, மறுபடி ஏறு. மாலை நாலு மணிக்குப் பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள். மறுநாள் வகுப்பில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஜிகர்தண்டா மட்டும்தான் நினைவில் இருக்கும்.

ஜிகர்தண்டாவைக் குறை சொல்ல முடியாது. அதற்கும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கலாம். ஆனால் மற்ற இடங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பார்த்தால், அதிலும் பிள்ளைகளின் சொந்த ஊரோடு தொடர்புள்ளவையாகப் பார்த்தால், அந்த நாள் மனதில் நிற்கும். ஆச்சரியம் என்னவென்றால், மதுரையில் பார்க்க வேண்டியவற்றில் பாதி இந்த இரண்டு ஊர்களோடும் பேசுகிறது.

யார் கோபுரம் உயரம்?

பஸ் கிளம்பியதும் பாட்டுப் போடுவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். மதுரை மீனாட்சி கோயில் கோபுரம் உயரமா, நம்ம ஆண்டாள் கோயில் கோபுரம் உயரமா?

பெரும்பாலான பிள்ளைகள் மதுரை என்றுதான் சொல்வார்கள். பெரிய ஊரில் இருப்பதெல்லாம் பெரியது என்ற நினைப்பு. உண்மை தலைகீழ். ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி. மதுரையில் இருப்பவற்றிலேயே உயரமான தெற்குக் கோபுரம் 9 நிலை, 170 அடியைத் தாண்டாது. தினம் சைக்கிளில் கடந்து போகிற கோபுரம் மதுரையை விட உசரம் என்று தெரிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்த சண்டையையும் கையோடு கிளப்பிவிடலாம். பாடப்புத்தக அட்டையில் இருக்கும் தமிழ்நாடு அரசு முத்திரையில் உள்ள கோபுரம் எது? ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்பதுதான் ஊரெல்லாம் நம்புவது. இல்லை, அது மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரம் என்று சொல்வோரும் உண்டு. தீர்ப்புச் சொல்ல வேண்டாம். முத்திரை உள்ள ஒரு புத்தகத்தைப் பையில் எடுத்துப்போய், மேற்குக் கோபுரத்தின் முன் நின்று பிள்ளைகளையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். கோபுரத்தை வெறுமனே அண்ணாந்து பார்ப்பதற்கும், ஒரு வழக்கில் ஆதாரம் தேடுவதுபோலப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

உள்ளே போனால் கிளி. மீனாட்சியின் வலக்கையில் கிளி. ஆண்டாளின் இடக்கையிலும் கிளி. ஆண்டாளின் கிளி தினமும் இலைகளால் புதிதாகக் கட்டப்படுவது, அதன் அலகு மாதுளம்பூ என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளில் பலருக்கும் தெரிந்திருக்கும். ராஜபாளையம் பிள்ளைகளுக்கு அதை அவர்களே சொல்லட்டும்.

ஊருக்கும் நகரத்துக்கும் நடுவே ஆண்டுதோறும் ஒரு பயணமும் நடக்கிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது சூடிக்கொள்ள, ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போகிறது. கூடவே பட்டும் கிளியும். அதாவது பிள்ளைகள் டூர் போகும் அதே திசையில் ஒரு மாலை வருடந்தோறும் டூர் போகிறது!

மஹாலும் மணியோசையும்

திருமலை நாயக்கர் மஹால் 1636-ல் கட்டப்பட்டது. 248 தூண்கள். இப்போது நாம் பார்ப்பது அன்றிருந்த அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்குதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இதன் பகுதிகள் பிரிக்கப்பட்டன. இடிந்து கிடந்ததை 19-ம் நூற்றாண்டில் சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார்.

இதைக் கைடு கடகடவென்று ஒப்பிப்பார். பிள்ளைகள் அதற்குள் எந்தத் தூணை எத்தனை பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கலாம் என்று சோதிக்கப் போயிருப்பார்கள். போகட்டும், தூணின் பருமனை அளக்க அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. தூணில் பெயர் கிறுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இங்கே சொல்ல வேண்டிய கதை வேறு. இதே திருமலை நாயக்கர் பெயரில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு மஹால் இருக்கிறது. நெடுங்காலம் நீதிமன்றம் அதில்தான் இயங்கியது. ஆண்டாள் மீது பக்தி கொண்ட நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூரில் உச்சிக்கால பூஜை முடிந்த பிறகே மதுரையில் சாப்பிட உட்காருவாராம். பூஜை முடிந்ததை அறிவிக்க வழிநெடுக மண்டபங்கள் கட்டி மணி வைத்திருந்தார்கள், ஒரு மண்டபத்து மணியோசை கேட்டதும் அடுத்த மண்டபத்தில் அடிப்பார்கள், இப்படியே ஓசை மதுரை வரை போய்ச் சேரும் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. சாலையோரம் தென்படும் பழைய கல்மண்டபங்களைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு.

கதையா வரலாறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இப்போது இரண்டு மணி நேரம் ஆகும் தூரத்தை மணியோசை எத்தனை நிமிடத்தில் கடந்திருக்கும்? இரண்டு மண்டபத்துக்கு நடுவே எவ்வளவு தூரம் இருந்தால் ஓசை கேட்கும்? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது அருமையான கணக்கு. கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது ஆரம்பித்தால் டி.கல்லுப்பட்டி வரை ஓடும்.

நூலில் தொடங்கிய ஊர்

ராஜபாளையம் பிள்ளைகளின் ஊர்க்கதை பஞ்சில் இருக்கிறது. ஊரைச் சுற்றி நூற்பாலைகள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டியில் தறி ஓடுவது பெரும்பாலும் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்காக. அம்மாவோ சித்தியோ மில்லுக்குப் போகாத வீடு அங்கே அபூர்வம்.

அந்தப் பிள்ளைகளை மதுரையில் எங்கே அழைத்துப்போவது என்றால், முதல் இடம் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கும் இந்த அருங்காட்சியகத்தை 1959 ஏப்ரல் 15-ல் பிரதமர் நேரு திறந்துவைத்தார். இங்கே பாதுகாக்கப்படும் பொருள்களில் பிள்ளைகளைச் சட்டென்று மௌனமாக்குவது ஒன்றே ஒன்றுதான். காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த துணி.

காந்திக்கும் மதுரைக்கும் உள்ள உறவே துணியில்தான் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22-ம் தேதி, மேலமாசி வீதி 251-ம் எண் வீட்டில் தங்கியிருந்த காந்தி, அதுவரை உடுத்திவந்ததை விட்டுவிட்டு அரையாடைக்கு மாறினார். முழு ஆடைக்கு வழியில்லாத ஏழைகளைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு. அந்தக் கோலத்தில் அவர் முதலில் மக்கள் முன் தோன்றிய இடம் காந்தி பொட்டல் என்ற பெயரோடு காமராஜர் சாலையில் இருக்கிறது. மேலமாசி வீதி வீடு மீனாட்சி கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரம். ஆனாலும் பல டூர் பட்டியல்களில் அது இருப்பதே இல்லை. மியூசியத்தைப் பார்க்கிற நேரத்தில் பாதியை இந்த வீட்டு வாசலுக்குக் கொடுக்கலாம்.

சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். தன் வீட்டையே கலைக்காகக் கொடுத்தவர். காந்தி கலை மன்றம் என்று ராஜபாளையம் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கும் இடம் அதுதான். டூருக்கு முந்தைய வாரம் அங்கே ஒரு நடை போய்வந்தால், மதுரையில் காந்தி மியூசியத்தைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்காது.

இரண்டாவது இடம் கீழடி. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான், ஆனால் சிவகங்கை மாவட்டம். 2023 மார்ச் 5-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் இருக்கிறது. 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட நகர வாழ்க்கை என்று பலகை சொல்லும். பிள்ளைகளுக்கு அந்த எண் ஒட்டாது. தக்களியைக் காட்டுங்கள். நூல் நூற்கப் பயன்பட்ட சிறு கருவி. அம்மா மில்லில் இயந்திரத்தில் செய்யும் வேலையை அன்று ஒருத்தி விரலால் சுழற்றிச் செய்திருக்கிறாள்.

பிறகு சில்லு. பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகள் கீழடியில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பாண்டி ஆடும் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தாயக்கட்டையும் இருக்கிறது. பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. நம் வீட்டு எவர்சில்வர் தூக்குவாளியில் பெயர் வெட்டி வைத்திருக்கிறோமே, அதேதான் என்று சொன்னால் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

ரயில் நாளா, பஸ் நாளா?

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கக் கூடாது. திட்டம் போடுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ரயிலில் போவதா பஸ்ஸிலா என்பதை. அதை வைத்தே இடங்கள் தாமாக அமைந்துவிடும்.

ரயில் என்றால் செங்கோட்டை - மதுரை வழித்தடம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஏறி, சிவகாசி, விருதுநகர் வழியாகப் போகலாம். செலவு குறைவு. முன்பதிவில்லாத பயணத்தில் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, 5 முதல் 12 வயதுக்குள் அரைக் கட்டணம். பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு ரயில் வரப்பிரசாதம். மதுரை ஜங்ஷனில் இறங்கினால் மீனாட்சி கோயில் ஒரு கிலோமீட்டர் அளவில்தான். கோயில், மேலமாசி வீதி வீடு, மஹால் மூன்றையும் நடந்தே பார்க்கலாம். நகரம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள மாசி வீதிகளில் நடப்பதைப் போல வேறு வழியில்லை. பூக்கடை, பாத்திரக்கடை, டீக்கடை வாசலில் போகிற பேச்சு, ஒரே தெருவில் இத்தனை கடையா என்ற மலைப்பு... இவையெல்லாம் டூரிஸ்ட் பஸ்ஸின் ஜன்னலில் கிடைக்காது. திரும்பும் ரயில் நேரத்தை மட்டும் முதல் நாளே உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த ரயிலை விட்டால் நாற்பது பிள்ளைகளோடு பஸ் நிலையத்தில் நிற்பது பெரிய சோதனை.

பஸ் என்றால் கீழடியிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். திருமங்கலம் தாண்டியதும் கப்பலூரில் ரிங் ரோட்டைப் பிடித்தால் நகர நெரிசலுக்குள் நுழையாமலே விரகனூர் வழியாகக் கீழடி போய்விடலாம். மண்டேலா நகர் பக்கம் போகும்போது தாழப் பறக்கும் விமானம் கண்ணில் பட்டால் அது போனஸ். அங்கிருந்து தமுக்கம் வந்து காந்தி மியூசியம், சாப்பாடு, பக்கத்திலேயே ராஜாஜி சிறுவர் பூங்காவில் கொஞ்சம் விளையாட்டு. மாலையில் நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

நூலகத்துக்கா டூர் என்று சிலர் முகம் சுளிக்கலாம். 2023 ஜூலை 15-ல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடம் 2 லட்சம் சதுர அடிக்கும் பெரியது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. வெயிலில் அலைந்த பிள்ளைகளுக்குக் குளிர்ச்சியான, சுத்தமான, யாரும் விரட்டாத இடம். கண்ணாடி வழியே ஊர் தெரியும். பணம் கேட்காத ஒரு பெரிய கட்டடத்துக்குள் தானும் நுழையலாம் என்று ஒரு கிராமத்துப் பிள்ளைக்குத் தெரிவது சின்ன விஷயம் அல்ல. குழுவாகப் போவதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போவது நல்லது. அருங்காட்சியகங்களின் வார விடுமுறை எந்த நாள் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய கேட்டின் முன் நிற்கும் பஸ்ஸைப் போலச் சோகமான காட்சி கிடையாது.

கோயிலுக்குள் போன் கிடையாது

மீனாட்சி கோயிலில் 2018 பிப்ரவரியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு செல்போனுக்குத் தடை. டூர் ஏற்பாட்டாளர்கள் இதை போட்டோ எடுக்க முடியாத பிரச்னையாகத்தான் பார்க்கிறார்கள். உண்மையான பிரச்னை வேறு. உள்ளே நுழைந்த நொடியிலிருந்து ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கூப்பிட முடியாது. நான்கு திசையிலும் கோபுர வாசல். செருப்பையும் போனையும் கிழக்கு வாசலில் கொடுத்துவிட்டு மேற்கு வாசலில் வெளியே வந்துவிட்டால், வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்ற வேண்டியதுதான். வெயிலில் அந்தக் கல் எப்படிச் சுடும் என்பது சுற்றியவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால் போன் இல்லாத காலத்து வழிமுறைதான் இங்கே உதவும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். இரண்டிரண்டு பேராக ஜோடி. எந்த வாசலில் நுழைகிறோமோ அதே வாசலில் வெளியே வருவது. யாராவது பிரிந்துவிட்டால் பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டுக்கு வருவது, வழி தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்பது. கழுத்து அட்டையில் பள்ளிப் பெயரோடு, கோயிலுக்கு வெளியே காத்திருக்கும் ஒருவரின் எண். குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைப் பிள்ளைகளே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நடை சாத்தும் மதிய நேரத்தைத் தவிர்த்து, காலை வேளையிலேயே கோயிலை முடித்துக்கொள்வது உத்தமம்.

வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதையும் ஏற்பாட்டாளர்கள் மறந்துவிடுகிறார்கள். எல்லோரும் சந்நிதி வரிசையில் போய்விட, ஒன்றிரண்டு பிள்ளைகள் மட்டும் தனியே நிற்கும்படி ஆகக் கூடாது. குளக்கரையும் ஆயிரங்கால் மண்டபமும் எல்லோரும் சேர்ந்து பார்க்கக்கூடியவை. அந்த மண்டபத்தில் உண்மையில் இருப்பது 985 தூண்கள். சரிபார்க்க விட்டால் பிள்ளைகள் அரை மணி நேரம் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கூடாது. 2023 பிப்ரவரி 15-ல், கால்பந்துப் போட்டிக்காக வெளியூர் வந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கி உயிரிழந்தார்கள். பட்டியலில் இல்லாத ஆறு, குளம், தடுப்பணை எதிலும் "ஐந்து நிமிஷம் கால் நனைச்சிட்டுப் போகலாம்" என்று பஸ்ஸை நிறுத்தக் கூடாது. பிள்ளைகள் கெஞ்சத்தான் செய்வார்கள்.

கல்வித் துறையின் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, வண்டியின் பெர்மிட், இன்ஷூரன்ஸ் இவையெல்லாம் ஏட்டுச் சடங்கு அல்ல. ஓட்டுநர் முந்தைய இரவு தூங்கினாரா என்று கேட்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

வராத பிள்ளை

டூர் நாளில் பள்ளிக்கு வராத சில பிள்ளைகள் இருப்பார்கள். கேட்டால் வயிற்றுவலி, ஊருக்குப் போயிருந்தோம், எனக்குப் பிடிக்கலை என்று ஏதாவது சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் காசுதான். ஒரே பள்ளியில் இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் ஒருவருக்குத்தான் கட்ட முடியும் என்றால் யார் போவது? அநேகமாகத் தம்பி. அக்காவுக்கு "பொம்பளப் புள்ள, அவ்வளவு தூரம் எதுக்கு, திரும்ப ராத்திரி ஆகிரும்" என்ற காரணமும் கூடச் சேர்ந்துவிடும்.

இதை டூருக்கு முந்தைய வாரம் சரிசெய்ய முடியாது. ஜூன் மாதமே தொடங்கினால் முடியும். வாரம் 10 ரூபாய் வீதம் 30 வாரம் சேர்த்தால் 300 ரூபாய். மொத்தமாகக் கேட்டால் மலைக்கும் குடும்பம் இதைச் சிரமமில்லாமல் கொடுத்துவிடும். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் அம்மாக்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் என்ன நிலைமை என்று தலைமை ஆசிரியரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முன்னாள் மாணவர்களிடம் கேட்டால் இரண்டு, மூன்று பிள்ளைகளின் செலவை ஏற்க ஆள் வராமல் போகாது. தென் மாவட்டங்களில் சில ஆசிரியர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுப் பிள்ளைகளை விமானத்திலேயே அழைத்துப்போன செய்திகள்கூட அண்மையில் வந்தன. மதுரைக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். யாருக்கு யார் பணம் கட்டியது என்பது வகுப்பில் தெரியவே கூடாது. பெயர் வாசிப்பது, மேடையில் கைகுலுக்கிப் போட்டோ எடுப்பது எல்லாம் அந்தப் பிள்ளையை வயிற்றுவலிக்கே திரும்ப அனுப்பிவிடும். ஷாப்பிங்குக்கும் இதே விதி. ஒருவர் கையில் 500 ரூபாயும் இன்னொருவர் கையில் 20 ரூபாயும் இருந்தால் புதுமண்டபம் பக்கத்துக் கடைகளில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஆளுக்கு 50 ரூபாய்க்கு மேல் கூடாது என்று பெற்றோரிடம் முன்பே பேசி வைக்கிற பள்ளிகள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடு.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளில் அம்மாவையே உடன் வரச் சொல்லலாம். கூட வரும் பெரியவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்பதை இடங்களைத் தேர்வு செய்யும்போதே பார்க்க வேண்டும். அது தெரியாத பயத்தில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வரும் சிறுமிகள் உண்டு. மாதவிடாய் நாள் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் டூரே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஒரு டீச்சரின் பையில் நாப்கின் இருக்கிறது, கேட்டுக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

பையில் என்ன இருக்கட்டும்?

புளியோதரைக்கு நிகர் எதுவும் இல்லை. கெடாது, ஆறினாலும் ருசிக்கும், பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் அடுத்த இடம். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும், மதியத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒரு துண்டு, மாற்றுச் சட்டை. பஸ்ஸில் தலைசுற்றும் பிள்ளைக்கு முன் ஸீட்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் ஒரு கவர். வழக்கமாக மாத்திரை சாப்பிடும் பிள்ளை என்றால், மருந்துச் சீட்டோடு ஆசிரியர் கையில் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் பால்கோவா எடுத்துப்போகலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். நூலகத்திலோ கீழடியிலோ பொறுமையாகச் சுற்றிக்காட்டும் அக்காவுக்கு, அண்ணனுக்கு "எங்க ஊரு பால்கோவா" என்று ஒரு சின்னப் பொட்டலம் கொடுக்கலாம். டூருக்கு வந்தவர்கள் சட்டென்று விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள்.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும், ஆனால் 'டூர் பற்றிக் கட்டுரை எழுதுக' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டதுமே பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பலகையில் இருப்பதைக் காப்பி அடிக்கத் தொடங்குவார்கள். பிடித்த ஒரு பொருளைப் படம் வரைந்து வரச் சொல்லலாம். வராத பிள்ளை யாராவது இருந்தால், அவளிடம் காட்டுவதற்காக வரைந்து வா என்று தோழியிடம் சொல்லலாம்.

மாலை ஆறு மணிக்குள் மதுரையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். திருமங்கலம் வரை பாட்டும் கும்மாளமும் இருக்கும். டி.கல்லுப்பட்டி வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியிருப்பார்கள். அங்கே ஒருமுறை விளக்கைப் போட்டுத் தலை எண்ணிவிடலாம். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் விழித்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி: ஆண்டாள் கோயில் கோபுரத்தை இருட்டில் முதலில் கண்டுபிடிப்பது யார்? ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இறங்கியதும் பஸ்ஸில் இடம் தாராளமாகிவிடும். ராஜபாளையம் பிள்ளைகளுக்கு இன்னும் பதினோரு கிலோமீட்டர் இருக்கிறது. கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம்.